என்னிடம் அழாத பிள்ளைகள்

என்னிடம் வரும் பிள்ளைகள் அழுவதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதமே இந்தப் பேச்சு மருத்துவமனையில் பரவிவிட்டது. மருந்துக் கவுண்டரில் இருப்பவர் சொன்னார், வாசல் காவலாளி சொன்னார். ஒரு தாய் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். நான் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராதவள். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு என்றால் மேசையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அப்படிப்பட்டவளுக்கு முதல்முறையாக ஒரு நல்ல பெயர் கிடைத்திருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

அது குழந்தைகளுக்கான சிறிய மருத்துவமனை. ஆய்வகம் முதல் மாடியில். இரண்டு நாற்காலிகள், இரண்டு விளக்குகள், நடுவில் ஒரு பச்சைத் திரை. ஒற்றைப்படை டோக்கன் திரைக்கு அந்தப் பக்கம், சீனியர் அண்ணாவிடம் போகும். இரட்டைப்படை என்னிடம் வரும். டோக்கனை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

தொண்டையிலிருந்து மாதிரி எடுப்பது பெரிய வித்தை இல்லை. மரக்குச்சியால் நாக்கை அழுத்த வேண்டும். பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை உள்ளே விட்டு இரண்டு டான்சில்களிலும், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சுவரிலும் அழுத்தித் தேய்க்க வேண்டும். நாக்கிலோ கன்னத்திலோ படாமல் வெளியே எடுக்க வேண்டும். மூன்று நொடி. சரியாகத் தேய்த்தால் பிள்ளைக்குக் குமட்டும், கண் கலங்கும், பிறகு அழுகை.

அண்ணாவுக்குப் பதினாறு வருட அனுபவம். கைகள் பெரியவை. பிள்ளைகள் அவருக்கு இடுக்கி அங்கிள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். பிள்ளையைத் தாயின் மடியில் உட்கார வைத்து, தலையை இடக்கையால் பிடித்துக்கொண்டு, "ஆ சொல்லு ராசா" என்பார். ராசா ஆ சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆ அதற்குப் பிறகுதான் வரும், தெருக்கோடி வரை கேட்கும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு சின்னப் பெண் என் வெள்ளைக் கோட்டில் வாந்தி எடுத்தாள். அவளுடைய அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என்னால் வீடு வரை சுமக்க முடியவில்லை. அதற்குப் பிறகு என் கை மென்மையாகிவிட்டது.

"என்கிட்ட வர்ற பிள்ளைக்கெல்லாம் கிருமி இருக்கு, உன்கிட்ட வர்றதெல்லாம் சுத்தத் தங்கம்" என்று அண்ணா ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். "அதுக்கெல்லாம் கைராசி வேணும்மா."

சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பேருமே அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டோம்.

எங்கள் டாக்டர் கண்டபடி ஆன்டிபயாடிக் எழுதுகிறவர் இல்லை. தொண்டை வலி என்று வரும் பத்துப் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு அது வைரஸ், தானாகப் போய்விடும். மிச்சம் இரண்டு மூன்று பேருக்கு ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியா. அவர்களுக்கு மட்டும் பத்து நாள் மருந்து கட்டாயம். "என் கண்ணு பாதிதான் சொல்லும், மீதிய மேல சொல்லணும்" என்று பெற்றோரிடம் சொல்வார். சிலர் கடவுளைச் சொல்கிறார் என்று நினைத்து முகம் வெளிறிப் போவார்கள். மேலே என்றால் மாடியில் இருக்கும் நாங்கள்.

அக்காவின் மகளுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் கொசு. ஆள் சிறியவள், வாய் ஓயாது. காதோரம் வந்து எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். விரட்டினால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வருவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்தாள்.

"கொசு சத்தத்தையே காணோம்டி. எச்சில் முழுங்க மாட்டேங்குறா. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

அழைத்து வரச் சொன்னேன். நல்ல காய்ச்சல். கழுத்தில் இருபுறமும் நெறி கட்டியிருந்தது. இருமல் இல்லை, சளி இல்லை. டான்சில் சிவந்து வீங்கி, மேலே வெள்ளைப் புள்ளிகள். ஸ்ட்ரெப் இருக்கும் போலத்தான் தெரிகிறது, ரிசல்ட் வந்ததும் மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி, மாடிக்கு அனுப்பினார்.

டோக்கன் பதினேழு. அண்ணா திரையை விலக்கிக் கூப்பிட்டார். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அந்த ஆள்கிட்ட விடாதடி. அப்புறம் நீ எதுக்கு இங்க இருக்க?"

யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. அன்றைக்குக் கேட்டேன். அண்ணா கொசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அக்கா பொண்ணா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எனக்கு ஒரு அழுகை மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பதினெட்டாம் டோக்கனைத் தன் பக்கம் அழைத்துக்கொண்டார்.

கொசு நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"சித்தி, பின்னாடி தொடாத. சத்தியம் பண்ணு."

"தொட மாட்டேன். சத்தியம்."

வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு டான்சில்களும் பக்கத்தில் தெரிந்தன. குச்சி உள்ளே போனது. நாக்கின் பின்பகுதியில் பட்டதும் அவள் இமைகள் துடித்தன. என் கை அங்கேயே நின்றது. குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்தேன்.

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். அக்கா என் முதுகில் தட்டிக் கொடுத்தாள். திரைக்கு அந்தப் பக்கம் பதினெட்டாம் டோக்கன் கதறிக்கொண்டிருந்தது.

மறுநாள், குச்சியைத் தேய்த்துக் கிருமி வளர விட்டிருந்த தட்டை எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். இரத்தம் கலந்த சிவப்புத் தட்டு. ஸ்ட்ரெப் இருந்தால் ஊசிமுனை அளவில் புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் இரத்தம் கரைந்து கண்ணாடிபோல் ஒரு வட்டம் தெரியும். ஒரு வட்டமும் இல்லை. எல்லோர் வாயிலும் இருக்கும் சாதாரணக் கிருமிகள்தான் வளர்ந்திருந்தன. அவையும் கொஞ்சமாகத்தான். தொண்டையை நன்றாகத் தேய்த்த குச்சி என்றால் தட்டு இவ்வளவு காலியாக இருக்காது.

இது எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு முறை எடுக்க வேண்டும். அதற்கு அக்காவைக் கூப்பிட வேண்டும். ஏன் என்று கேட்பாள். டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொசுவிடம் சத்தியம் வேறு பண்ணியிருந்தேன். தட்டை மறுபடியும் உள்ளே வைத்து, இன்னொரு நாள் விட்டுப் பார்த்தேன். அப்போதும் வட்டம் இல்லை. பதிவேட்டில் 'ஸ்ட்ரெப் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்ப மருந்து வேணாமா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

"வேணாம்க்கா. தானா போயிடும்."

தானாகவே போனது. நான்காம் நாள் கொசுவின் குரல் திரும்பிவிட்டது. ஸ்ட்ரெப்பும் நாலைந்து நாளில் தானாக அடங்கிவிடும். மருந்து கொடுப்பது தொண்டைக்காக மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் வரக்கூடியதைத் தடுக்கத்தான். வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் ஆரம்பித்தால்கூடப் போதும். இதைத் தேர்வில் எழுதி எட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

ஒன்பதாம் நாள் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கிறாள். கடையில் கழித்துப்போட்ட எழுத்து அட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. கொசு அதைச் சுவரில் ஒட்டி, கரண்டியால் என் ஒரு கண்ணை மூடி, படிக்கச் சொன்னாள். கடைசி வரி எனக்குத் தெரியவில்லை. "அம்மா, சித்திக்குக் கண்ணே தெரியல" என்று சமையலறைக்குச் செய்தி சொல்ல ஓடினாள். அன்று மாலை முழுக்க எனக்குக் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒன்றும் இல்லை.

பிறகு அவளுடைய வலது முட்டி வீங்கியது. பள்ளியில் விழுந்திருப்பாள் என்று அக்கா நினைத்தாள். இரண்டு நாளில் முட்டி வற்றியது, இடது கணுக்கால் வீங்கியது. "வலி வாடகை வீடு மாதிரி மாறிட்டே இருக்குடி" என்று அக்கா போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். மூட்டுக்கு மூட்டு மாறும் வலி எதன் அறிகுறி என்பதையும் அதே தேர்வில் எழுதியிருக்கிறேன்.

வேலை முடிந்து நேராக அங்கே போனேன். கொசு கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தாள். விளையாட்டாகப் பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு. அசையாமல் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது மிக அதிகம். மறுபடியும் எண்ணினேன். நூற்று இருபத்தாறு.

"ஏன் சித்தி கையையே பிடிச்சிட்டு இருக்க?"

"சும்மாதான்."

"வேர்க்குது உனக்கு."

மறுநாள் காலையே டாக்டரிடம் அழைத்துப் போனோம். இரத்தம் எடுத்தோம். அந்தக் கிருமியோடு உடம்பு சமீபத்தில் சண்டை போட்டிருக்கிறது என்று இரத்தம் சொன்னது. டாக்டர் மாடியிலிருந்து பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோனேன். அந்த நாளைத் தேடி எடுத்து விரலை வைத்தார்.

"நம்மகிட்ட இல்லைன்னு வந்திருக்கே" என்றார்.

பிறகு அக்காவிடம் மெதுவாக விளக்கினார். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்புக்கு மருந்து கொடுக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டுகளில் காய்ச்சல் இறங்கும், இதயத்தையும் தொடும். எந்தப் பரிசோதனையும் நூற்றுக்கு நூறு இல்லை, எப்போதாவது ஒன்று தவறிப் போகும், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அக்கா தலையாட்டினாள். டாக்டரின் விரல் என் கையெழுத்துக்கு மேலேயே இருந்தது. 'குச்சி படவே இல்லை.' மூன்று வார்த்தை. நாக்கு வரை வந்து நின்றன. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். மாமா வெளியூர் லாரி ஓட்டுகிறவர். சரக்கைப் பாதி வழியில் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். வண்டிச் சாவி இல்லாத சாவிவளையத்தை விரலில் சுற்றிக்கொண்டு இருட்டறை மூலையில் நின்றார். கொசு திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"அது என் இதயமா? மீன் வாய் மாதிரி மூடி மூடித் தொறக்குது."

மீன் வாய் முழுதாக மூடவில்லை. ஒரு வால்வில் கசிவு இருந்தது. இப்போதைக்கு லேசாகத்தான் இருக்கிறது என்றார்கள். குறையலாம், குறையாமலும் போகலாம். இன்னொரு தடவை தொண்டையில் ஸ்ட்ரெப் வந்தால் கசிவு கூடும். அது வராமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இருபத்தோரு வயது வரை. அப்புறம் பார்த்துச் சொல்வார்கள்.

"இருபத்தொண்ணு வயசு வரைக்குமா?" என்று மாமா கேட்டார். ஆமாம் என்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாரோ சொன்ன விஷயம்போல, அதையே மறுபடியும் கேட்டார்.

பதின்மூன்று வருடம். இருநூற்று இருபத்தைந்து ஊசி. வண்டியில் திரும்பி வரும்போது மனதுக்குள் போட்ட கணக்கு இது. அதைத் தவிர வேறு எதையும் என்னால் செய்ய முடியவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு மாதம். அண்ணா எடுத்தது முந்நூற்றுப் பத்து, அதில் கிருமி இருந்தது எண்பத்து நாலு. நான் எடுத்தது இருநூற்று எண்பத்தெட்டு, அதில் இருபத்து மூன்று. சாதாரணச் சளிப் பிள்ளைகள் எனக்கு அதிகமாக வந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தேன். அப்படி வர வழியில்லை. ஒற்றை அவருக்கு, இரட்டை எனக்கு. இதைவிட நேர்மையாக யாராலும் பிள்ளைகளைப் பிரித்துக் கொடுக்க முடியாது. எனக்கு எழுபத்தெட்டு கிடைத்திருக்க வேண்டும். ஐம்பத்தைந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போயிருந்தார்கள்.

எந்த ஐம்பத்தைந்து என்று பதிவேட்டில் இல்லை.

வாயால் சொல்ல வராது என்று தெரியும். ஒரு தாளில் எண்களை எழுதி, கீழே அந்த மூன்று வார்த்தைகளையும் எழுதி, அண்ணாவிடம் முதலில் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"கைராசின்னு நான் விளையாட்டுக்குத்தான்மா சொன்னேன்" என்றார்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எத்தனை நாளாக என்று. ஏழு மாதமாக என்றேன். தாளை மடித்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். இனிமேல் தொண்டை மாதிரி எல்லாம் அண்ணா மட்டும், இரத்தம் எடுப்பது மட்டும் நான் என்றார். பிறகு, 'இல்லை' என்று நான் எழுதிய இருநூற்று அறுபத்தைந்து பேரின் போன் எண்களைக் கேட்டார்.

மூன்று நாள், புறநோயாளிகள் போன பிறகு, அவரே ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களுக்கு நேரே குறித்தேன். இவ்வளவு நாள் கழித்து மறுபடி தொண்டையைத் தேய்த்துப் பயனில்லை. மூட்டு வலி உண்டா, ஓடினால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்கத்தான் முடிந்தது. இருந்தால் உடனே அழைத்து வரச் சொன்னார். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், ஏன் இப்படிப் பயமுறுத்துகிறீர்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். பதினொரு பேர் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அறுபது எண்களில் யாரும் எடுக்கவே இல்லை. ஒரு தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அழ வைக்காத பொண்ணு இன்னும் அங்க இருக்காங்களா டாக்டர்? எங்க பையன் அவங்களத்தான் கேட்பான்" என்றார்.

இருக்கிறாள் என்று டாக்டர் சொன்னார்.

அக்காவிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனேன். வீட்டில் சொன்னால் கொசு இருப்பாள். அக்கா ஒரு சட்டத்தில் லென்ஸை வைத்துச் சின்னத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை முடுக்கினாள். முடுக்கி முடித்த பிறகும் திருப்புளியை எடுக்கவில்லை.

"நான்தானே உன்ன எடுக்கச் சொன்னேன்" என்றாள்.

மேசையில் சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒதுக்கி வைத்தேன்.

"ஆனா நீ சொல்லியிருக்கலாம்லடி. சரியாத் தொடலன்னு. அன்னைக்கே, இல்ல அடுத்த நாளாவது. நானே கையக் கால அமுக்கிப் பிடிச்சிருப்பேனே. அழட்டும்னு விட்டிருப்பேனே."

கதவு திறந்தது. ஒருவர் உடைந்த கண்ணாடியோடு உள்ளே வந்தார். "வாங்க, உட்காருங்க" என்று அக்கா எப்போதும் போன்ற குரலில் சொன்னாள். நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. நான் செய்தால் மாமாவிடம் கொடுத்துவிடுகிறாள்.

முதல் இரண்டு ஊசிகளைப் பெரிய மருத்துவமனையில் போட்டார்கள். மூன்றாவதிலிருந்து எங்களிடமே போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மூன்றாவது ஊசி அன்று இரத்தப் பரிசோதனையும் இருந்தது. கீழே ஊசி போடும்போது எழுந்த அழுகை மாடி வரை வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அந்த மருந்து கெட்டியானது, இறங்க நேரம் பிடிக்கும், இடுப்பு கடுக்கும்.

பிறகு படிக்கட்டில் காலடி கேட்டது. பாதி வழியில் அக்கா அவளை நிறுத்தி மூச்சு வாங்க வைப்பது கேட்டது. கொசு நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். முகம் இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா வாசலோடு நின்றுகொண்டு சுவரில் ஒட்டியிருந்த டோக்கன் அறிவிப்பைப் படிப்பதுபோல் பார்த்தாள்.

என்னிடம் இரத்தம் கொடுக்க ஒரு குட்டிப் பையன் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு காத்திருந்தான். கொசு அவனருகே நின்று தைரியம் சொன்னாள்.

"பயப்படாத. இது எங்க சித்தி. இவங்க எடுத்தா வலிக்கவே வலிக்காது. கீழ இருக்காங்களே, அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியல."

பிறகு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறி உட்கார்ந்தாள். வலி இல்லாத பக்கம் பார்த்து உட்காருவதற்குள் இரண்டு முறை உதட்டைக் கடித்தாள்.

"சித்தி, இனிமே அந்த ஊசியையும் நீயே போடு. அம்மா, டாக்டர்கிட்ட சொல்லும்மா."

அக்கா திரும்பவில்லை.

நான் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினேன். பஞ்சால் துடைத்தேன். ஊசியின் மூடியைக் கழற்றினேன்.

"இது வலிக்கும், கொசு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. "சும்மா சொல்ற" என்று சிரித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.